முதியவர் பராமரிப்புக்கு அரசுப் பணம்: முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"நாளைக்கு டிஸ்சார்ஜ், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று மருத்துவர் சொல்கிற அன்றுதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த விஷயம் தலையில் வந்து இறங்குகிறது. இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருக்கும். தையலும் ஆறிக்கொண்டிருக்கும். ஆனால் அப்பாவால் கட்டிலிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது. குளிப்பாட்ட ஆள் வேண்டும், கழிவறைக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும், ராத்திரி கண்விழிக்க ஆள் வேண்டும். இந்தச் செலவு ஒரு மாதத்தோடு முடியாது; வருடக்கணக்கில் ஓடும்.

இதில் ஒரு பகுதியை அரசு ஏற்கும் ஏற்பாடு இன்று பல நாடுகளில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் வீடு தேடி வராது. கேட்க வேண்டும், காட்ட வேண்டும், தாளில் ஏற்ற வேண்டும். எங்கள் அம்மாவுக்கு இப்படி ஓர் உதவி கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியவந்தபோது ஏழு மாதம் போயிருந்தது. அந்த ஏழு மாதத்துக்கு ஒரு காசும் திரும்ப வரவில்லை. வேறு எந்தக் குடும்பமும் அப்படி இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாட்டுக்கு நாடு பெயர்கள் மாறும், தொகை மாறும். செய்யவேண்டிய வேலைகளின் வரிசை மட்டும் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்.

முதலில்: மருத்துவம் வேறு, பராமரிப்பு வேறு

"எங்களுக்கு நல்ல மருத்துவக் காப்பீடு இருக்கிறது, கவலை இல்லை" என்று நினைத்திருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மருத்துவக் காப்பீடு நோயைக் குணப்படுத்தும் செலவைக் கொடுக்கும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது, மறதி நோய் வந்தவர் வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதன் கணக்கில் வராது.

அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இதற்கு நல்ல உதாரணம். மூன்று நாள் உள்நோயாளியாக இருந்து வெளியே வந்தால், செவிலியர் மையத்தில் 100 நாள் வரை அது உதவும். முதல் 20 நாள் முழுதாக, 21-ஆம் நாளிலிருந்து தினசரி ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். அதுவும் தேர்ந்த செவிலியர் சிகிச்சை தேவைப்படும்வரைதான். 101-ஆம் நாள் எதுவும் கிடையாது. இதிலேயே இன்னொரு சிக்கல்: மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாலும் 'கண்காணிப்பில்' இருந்ததாகப் பதிவாகியிருந்தால் அந்த நாட்கள் மூன்று நாள் கணக்கில் சேராது. ஆகவே மருத்துவமனையில் இருக்கும்போதே "இவர் உள்நோயாளியாகப் பதிவானாரா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த நாட்டில் வருடக்கணக்கான பராமரிப்புக்குப் பெரும்பங்கு பணம் தருவது மெடிகெய்ட் என்ற வேறொரு அரசுத் திட்டம். அது வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கானது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் நாடு எந்த வகை என்று பாருங்கள்

இது தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். பெரும்பாலான நாடுகள் கீழே சொல்லும் நான்கில் ஒன்றிலோ, இரண்டின் கலவையிலோ அடங்கும்.

முதலாவது, சமூகக் காப்பீடு. சம்பாதிக்கும் காலத்தில் எல்லோரும் கட்டாயமாகப் பணம் கட்டுவார்கள். தேவை வரும்போது உரிமையாகக் கேட்கலாம். ஜெர்மனி 1995-ல் தொடங்கியது. முதலாளிகளின் பங்கை ஈடுகட்ட, ஒரு மாநிலத்தைத் தவிர நாடு முழுக்க ஒரு பொது விடுமுறையையே ரத்து செய்தார்கள். ஜப்பான் 2000-ல் தொடங்கியது. அங்கே 40 வயதிலிருந்து எல்லோரும் கட்டுகிறார்கள். செலவில் பாதி அந்தக் கட்டணத்திலிருந்தும் பாதி வரிப்பணத்திலிருந்தும் வருகிறது. தென்கொரியா 2008-ல் சேர்ந்தது. சிங்கப்பூரின் கேர்ஷீல்டு லைஃப் 2020-ல் வந்தது. 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம்.

இரண்டாவது, வரிப்பணத்தில் உள்ளாட்சி நடத்துவது. சுவீடனும் டென்மார்க்கும் இப்படி. நகராட்சியே ஆளை அனுப்பும். சுவீடனில் நாம் கட்டும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது 2002-ல் வந்தது.

மூன்றாவது, இல்லாதவர்களுக்கு மட்டும் தருவது. அமெரிக்காவின் மெடிகெய்ட், இங்கிலாந்தின் உள்ளாட்சி சமூகப் பராமரிப்பு இந்த ரகம். ஒரே அரசின் கீழ் இருந்தாலும் ஸ்காட்லாந்தில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உடல்சார்ந்த பராமரிப்பு 2002 முதல் கட்டணமில்லாமல் கிடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லையைத் தாண்டினால் விதி மாறும்.

நான்காவது, தனித் திட்டமே இல்லாத நாடுகள். அங்கே பணம் துண்டு துண்டாக ஓய்வூதியத்திலும், ஊனமுற்றோர் உதவியிலும், மருத்துவத் திட்டங்களிலும் சிதறிக் கிடக்கும். இந்தியா இப்படித்தான். 70 வயது நிறைந்த எல்லோருக்கும் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மருத்துவமனைச் செலவுக்கானது. வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான சம்பளத்தை அது தராது. இப்படிப்பட்ட நாட்டில் இருந்தால், கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விண்ணப்பித்துச் சேர்ப்பதுதான் வழி.

வேறு நாட்டிலிருந்து குடியேறியவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் கடந்த 10 வருடத்தில் 2 வருடமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் 2006 சட்டப்படி 5 வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும். அதில் கடைசி 2 வருடம் விண்ணப்பத்துக்கு உடனே முந்தையதாக இருக்க வேண்டும். பெற்றோரைத் தங்களிடம் அழைத்துக்கொள்ளத் திட்டமிடுபவர்கள் இதை அழைப்பதற்கு முன்பே விசாரிப்பது நல்லது.

எங்கே விசாரிப்பது? ஜப்பானில் ஒவ்வொரு பகுதிக்கும் வட்டார ஒருங்கிணைந்த ஆதரவு மையம் இருக்கிறது. தைவானில் 1966 என்ற ஒரே தொலைபேசி எண். ஜெர்மனியில் பராமரிப்புக் காப்பீடு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்தே இயங்குவதால் அங்கேயே கேட்கலாம். எதுவும் தெரியாவிட்டால் மருத்துவமனையின் சமூகப்பணியாளரைப் பிடியுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அவரைப் பார்ப்பது கஷ்டம், முன்பே பாருங்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். பராமரிப்பு நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், இரண்டு வாரம்.

"அம்மாவைப் பார்த்துக்கொள்வது ரொம்பச் சிரமமாக இருக்கிறது" என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. எங்கள் நோட்டில் ஒரு நாளின் பக்கம் இப்படி இருந்தது:

இரவு 2.10: பாத்ரூம் போகக் கூப்பிட்டார். எழுப்பி நிறுத்த இரண்டு முயற்சி. போவதற்குள் உடை நனைந்துவிட்டது. மாற்றி, விரிப்பும் மாற்றிப் படுக்க வைக்க 40 நிமிடம்.
இரவு 4.30: மறுபடி எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
காலை 7.15: பல் துலக்க பிரஷ்ஷைக் கையில் கொடுத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார். கை பிடித்துத் தொடங்கிவைத்தால் தானே செய்கிறார்.
காலை 8.00: மாத்திரை ஐந்து. ஒன்றைத் துப்பிவிட்டார்.

பல் துலக்கியது பற்றிய வரியைக் கவனியுங்கள். அம்மாவின் கைக்குப் பலம் இருந்தது, ஆனால் யாராவது தொடங்கிவைக்க வேண்டும். நாம் இதை உதவி என்றே நினைக்க மாட்டோம். ஆனால் எவ்வளவு உதவி தேவை என்று அதிகாரி வந்து பார்க்கும் மதிப்பீட்டில் இது உதவிதான். மேற்பார்வை பார்ப்பது, நினைவூட்டுவது, தொடங்கிவைப்பது, பக்கத்தில் நிற்பது எல்லாமே கணக்கில் வரும்.

எதை எழுதுவது என்று குழப்பமாக இருந்தால், உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு பட்டியல் இருக்கிறது: குளிப்பது, உடை அணிவது, சாப்பிடுவது, கழிவறை போவது, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இடம் மாறுவது. சிங்கப்பூரில் இந்த ஆறில் மூன்றை ஒருவரால் பிறர் உதவியின்றிச் செய்ய முடியவில்லை என்றால் மாதாமாதம் பணம் வரும். இந்த ஆறுக்கும் ஒவ்வொரு தலைப்பு போட்டு எழுதுங்கள். அதோடு நினைவு, நடத்தை, மருந்து, ராத்திரி என்று நான்கு தலைப்பு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறதி நோய் உள்ள வீட்டில் இந்த நான்கும் மிகவும் முக்கியம். ஜெர்மனியில் 2016 வரை உடல் வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்றுதான் பெரும்பாலும் அளந்தார்கள். நன்றாக நடமாடிக்கொண்டு, அடுப்பை அணைக்க மறந்து, ராத்திரியில் வாசற்கதவைத் திறக்கிறவருக்கு அந்த அளவுகோலில் மதிப்பெண் குறைவாகவே கிடைத்தது. அந்தக் குறையை நீக்க 2017-ல் முறையை மாற்றி, தேவையின் அளவைக் காட்டும் ஐந்து நிலைகள் கொண்டுவந்து, எவ்வளவு தானாகச் செய்ய முடிகிறது என்று ஆறு பிரிவுகளில் பார்க்கத் தொடங்கினார்கள். தென்கொரியாவும் 2014-ல் மறதி நோய்க்கென்று ஒரு நிலையைச் சேர்த்தது. விதி மாறியிருந்தாலும், குடும்பம் சொல்லாவிட்டால் அந்த ராத்திரிகள் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

எல்லா மருத்துவச் சான்றும் கைக்கு வந்தபிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பது பெரிய தவறு. நாங்கள் செய்த தவறு. ஜெர்மனியில் உதவி, விண்ணப்பித்த மாதத்திலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன் பட்டபாட்டுக்குக் கிடையாது. ஜப்பானிலும் தகுதி உறுதியானதும் அது விண்ணப்பித்த தேதியிலிருந்து செல்லும். முதலில் விண்ணப்பத்தைப் போட்டுத் தேதி வாங்குங்கள், சான்றுகள் அப்புறம் வரட்டும். தொலைபேசியில் சொல்லியிருந்தாலும் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

முடிவு சொல்ல அலுவலகத்துக்கும் கெடு உண்டு. ஜப்பானில் 30 நாள். ஜெர்மனியில் 25 வேலை நாள். அலுவலகத்தின் காரணத்தால் தாமதமானால் ஒவ்வொரு வாரத்துக்கும் 70 யூரோ அவர்கள் நமக்குத் தர வேண்டும். உங்கள் நாட்டின் கெடு என்ன என்று கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டாளர் வருகிற நாள்

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா காலையிலேயே தலை வாரிவிடச் சொன்னார். நல்ல சட்டை வேண்டும் என்றார். முன்பக்கம் ஏழு பொத்தான். ஏழையும் போட்டுவிட்டது நான். வந்தவர் அன்பானவர்தான். "சட்டையெல்லாம் நீங்களே போட்டுக்கொள்வீர்களா?" என்று கேட்டார். "ஆமாம், நானேதான்" என்று அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அவர் தாளில் ஒரு குறி போட்டார். எனக்கு அம்மாவை முன்னே வைத்துக்கொண்டு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

அம்மா சொன்னதில் ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. வெளியாள் முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஏறக்குறைய எல்லா முதியவர்களும் இதைச் செய்வார்கள். வருடம் முழுக்கத் தடுமாறுகிறவர் அன்றைக்கு ஒரு மணி நேரம் உறுதியாக உட்கார்ந்திருப்பார். ஆகவே முன்கூட்டியே சில ஏற்பாடுகள் செய்யுங்கள்.

பராமரிக்கும் ஆள் அன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். அதற்காக வேலைக்கு விடுப்பு எடுத்தாலும் தகும். வீட்டை வழக்கத்துக்கு மாறாகச் சரிசெய்யாதீர்கள். வாக்கர், கட்டில் கம்பி, டயாப்பர் பெட்டி, மாத்திரை டப்பா இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அம்மாவை அன்றைக்கென்று அலங்கரிக்க வேண்டாம், ஆனால் அவர் நல்ல உடை கேட்டால் மறுக்கவும் வேண்டாம். அதைப் போட யார் உதவினார்கள், எத்தனை நிமிடம் ஆனது என்று சொன்னால் போதும்.

அவர் முன்னால் சொல்லக் கூசும் விஷயங்களுக்கு, "தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டும்" என்று மதிப்பீட்டாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இது அவர்களுக்குப் பழக்கமான கோரிக்கைதான். அல்லது நோட்டின் நகலை உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். எங்களுக்கு இரண்டாவது முறை கைகொடுத்தது அந்த நகல்தான்.

அவர் "குளிப்பாரா?" என்று கேட்டால் "குளிப்பார்" என்று நிறுத்தாதீர்கள். யார் தண்ணீரைச் சரிபார்க்கிறார்கள், யார் முதுகு தேய்க்கிறார்கள், ஈரத் தரையில் யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லுங்கள். நல்ல நாளை மட்டும் சொல்லாதீர்கள், மோசமான நாளை மட்டும் சொல்லிப் பெரிதுபடுத்தவும் வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் எப்படி, மூன்று நாள் எப்படி என்று பிரித்துச் சொன்னால் நம்பகமாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

ஜப்பானில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் முக்கியம் என்று புரியும். அங்கே வீட்டுக்கு வருகிறவர் 74 கேள்விகளுக்கு விடை குறிக்கிறார். அதைக் கணினி கணக்கிட்டு ஒரு முதல்கட்ட முடிவு தருகிறது. அப்புறம் நிபுணர் குழு ஒன்று கூடி, மருத்துவரின் கருத்தையும், வீட்டுக்கு வந்தவர் தனியாக எழுதிய குறிப்புகளையும் படித்துவிட்டு இறுதி முடிவை எடுக்கிறது. 74 கட்டங்களில் அடங்காத உங்கள் வீட்டு நிலைமை அந்தக் குறிப்புகளில்தான் ஏற முடியும். "இதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம். மருத்துவரிடமும் முன்பே போய் வீட்டு நிலைமையைச் சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் பார்க்கிற மருத்துவருக்கு ரத்த அழுத்தம் தெரியும், ராத்திரி 2.10 தெரியாது.

முடிவுக் கடிதம் வந்ததும்

கடிதத்தில் ஒரு நிலை எண் இருக்கும். இங்கே ஒரு குழப்பம்: ஜெர்மனியில் 5 என்றால் மிக அதிகத் தேவை, பிரான்சில் 1 என்றால் மிக அதிகத் தேவை. பிரான்சில் ஆறு நிலைகளில் 1 முதல் 4 வரை உள்ளவர்களுக்குத்தான் 2002-ல் வந்த 'ஆப்பா' என்னும் தேசிய உதவித்தொகை கிடைக்கும். 5, 6 என்றால் கிடைக்காது. எண்ணைப் பார்த்ததும் மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ முன் அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள்.

நிலை குறைவாக இருந்தால் விட்டுவிடாதீர்கள். முழு மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வரியையும் நோட்டோடு ஒப்பிடுங்கள். "உடை அணிதல்: தானாகச் செய்கிறார்" என்று இருந்தால், எந்தத் தேதி, யார், எத்தனை நிமிடம் உதவினார்கள் என்று எழுதி மேல்முறையீடு செய்யுங்கள். கோபமாக நான்கு பக்கம் எழுதுவதைவிட, தவறான ஐந்து வரிகளைச் சுட்டி ஒரு பக்கம் எழுதுவது பலன் தரும். கெடு மட்டும் மிகக் குறுகியது. ஜெர்மனியில் ஒரே மாதம். கெடு முடிவதற்குள் "ஏற்கவில்லை, விவரம் பின்னர் தருகிறேன்" என்று ஒரு வரியாவது அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அந்தச் சட்டைப் பொத்தான் வரி மேல்முறையீட்டில்தான் திருந்தியது.

பணமா, ஆளா?

சில நாடுகளில் கையில் பணம் தருவார்கள், சில நாடுகளில் ஆளை அனுப்புவார்கள், சிலவற்றில் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஜப்பானில் பணம் கிடையாது, சேவை மட்டும்தான். குடும்பத்துக்குப் பணம் கொடுத்தால் பாரம் முழுக்க மீண்டும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழும் என்ற வாதம் திட்டம் உருவான காலத்தில் அங்கே வலுவாக இருந்தது. ஜெர்மனியில் தேர்வு நம்முடையது. மூன்றாம் நிலைக்கு 2025 கணக்குப்படி பணமாக வாங்கினால் மாதம் 599 யூரோ. நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்தால் 1,497 யூரோ வரை. வித்தியாசத்தைப் பாருங்கள்.

இரண்டையும் கலக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சேவைத் தொகையில் 60 சதவீதம் பயன்படுத்தினால், பணத்தொகையில் மிச்சம் 40 சதவீதம் கைக்கு வரும். காலையில் குளிப்பாட்டுவதற்கு ஓர் ஆள், மற்றதை வீட்டார் என்று வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இது சரியாகப் பொருந்தும். என் கருத்தைக் கேட்டால், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒருவரே செய்வது வேண்டாம் என்பேன். முதல் ஆறு மாதம் முடியும் என்று தோன்றும். அப்புறம் பார்த்துக்கொள்கிறவரின் முதுகு போகும்.

முழுப் பணமாக வாங்கினால் இடையிடையே ஆலோசகர் வந்து பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. அந்த வருகைக்கு ஏற்பாடு செய்யத் தவறினால் தொகையைக் குறைப்பார்கள்.

நம் கையிலிருந்து போவது எவ்வளவு

அரசு உதவி என்றால் முழுச் செலவும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானில் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதம் நாம் தர வேண்டும். வருமானம் கூடினால் 20 அல்லது 30 சதவீதம். தென்கொரியாவில் வீட்டுச் சேவைக்கு 15, முதியோர் இல்லத்துக்கு 20 சதவீதம். ஜப்பானில் மாதச் சுயபங்கு, அதாவது நாம் கட்டும் பங்கு, ஓர் உச்சவரம்பைத் தாண்டினால் மிச்சம் திரும்ப வரும், முதல்முறை நாம் விண்ணப்பித்தால். இப்படி 'விண்ணப்பித்தால் மட்டும்' என்றிருக்கும் சலுகைகளைத் துருவித் துருவிக் கேளுங்கள்.

முதியோர் இல்லத்துக்குப் போகும்போது இன்னொன்று சேரும். பராமரிப்புக்கு மட்டும்தான் காப்பீடு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் நாமே கட்ட வேண்டும். ஜப்பானில் இந்த இரண்டையும் 2005 அக்டோபரில் சுயசெலவாக்கினார்கள். ஜெர்மனியில் இதற்கு மேல் கட்டடச் செலவு என்று தனியாக ஒரு பங்கும் வரும். ஆனால் அங்கே இல்லத்தில் இருக்கும் காலம் கூடக்கூடப் பராமரிப்புச் சுயபங்கில் தள்ளுபடி உண்டு: முதல் வருடம் 15 சதவீதம், இரண்டாம் வருடம் 30, மூன்றாம் வருடம் 50, அதற்கு மேல் 75. இல்லத்தில் விலை கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல் பராமரிப்பு, அறை, சாப்பாடு, மற்றவை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எதற்கு அரசு தருகிறது, எதற்கு இல்லை என்று அப்போதுதான் கணக்குப் போட முடியும்.

சொத்தையும் வீட்டையும் பற்றி, எதையும் மாற்றி எழுதுவதற்கு முன்

சொத்து பார்த்துத் தரும் நாடுகளில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். "அம்மா பெயரில் சொத்து இருந்தால் உதவி கிடைக்காதாமே, என் பெயருக்கு மாற்றிவிடலாம்" என்று உறவினர் யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் மெடிகெய்ட் விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதப் பரிமாற்றங்களைப் பார்ப்பார்கள். முன்பு 36 மாதமாக இருந்தது. 2006-ல் கையெழுத்தான சட்டம் அதைக் கூட்டியது. பத்து மாதப் பராமரிப்புச் செலவுக்குச் சமமான தொகையை மகனுக்குக் கொடுத்திருந்தால், பத்து மாதம் உதவி கிடையாது. அந்தப் பத்து மாதம் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. இல்லத்தில் சேர்ந்து, கையில் காசு தீர்ந்து, மற்றபடி தகுதி வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அதாவது பணமும் இல்லை, உதவியும் இல்லை என்ற நிலையில் குடும்பம் மாட்டிக்கொள்ளும். இங்கிலாந்தில் கால எல்லையே இல்லை. கட்டணத்தைத் தவிர்க்கத்தான் மாற்றினார்கள் என்று உள்ளாட்சி கருதினால், அந்தச் சொத்து இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கிடும்.

சட்டமே தரும் பாதுகாப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் கணவனோ மனைவியோ, 60 வயது தாண்டிய உறவினரோ அந்த வீட்டில் வசித்தால் வீட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிரந்தரமாக இல்லத்துக்குப் போகும்போது முதல் 12 வாரம் வீட்டைச் சேர்க்காமல் விடுவார்கள். உடனே விற்க முடியாவிட்டால், கட்டணத்தை ஒத்திவைத்துப் பிற்பாடு வீட்டை விற்கும்போது செலுத்தும் ஒப்பந்தமும் போடலாம். அமெரிக்காவில் வீட்டில் இருக்கும் துணைவருக்கு ஒரு பங்கு வருமானமும் சொத்தும் விட்டுவைக்கப்படும். 1988 முதல் இந்த விதி இருக்கிறது. முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டிவராதபடி தாயைக் குறைந்தது 2 வருடம் அதே வீட்டில் இருந்து பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு வீட்டை மாற்றினால், மேலே சொன்ன உதவி கிடைக்காத தண்டனைக் காலம் வராது. அந்த 2 வருடத்தை எப்படி நிரூபிப்பது? அதே நோட்டுப் புத்தகமும் மருத்துவர் கடிதமும்தான்.

பிள்ளைகளின் வருமானத்தைத் தொடுவார்களா என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் சமூக உதவி வாங்கும் பெற்றோருக்காகப் பிள்ளையிடம் கேட்பது, பிள்ளையின் ஆண்டு மொத்த வருமானம் 1,00,000 யூரோவைத் தாண்டினால் மட்டும், 2020 முதல். இந்த விஷயத்தில் மட்டும் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

இன்னொன்று. அறிவிப்புகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். இங்கிலாந்தில் வாழ்நாள் செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சட்டம் 2014-ல் வந்தது. பலமுறை தள்ளிப்போட்டு 2024-ல் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 2010-ல் சட்டமான தேசியப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கப்படாமலேயே 2013-ல் நீக்கப்பட்டது. இன்று அமலில் இருப்பது எதுவோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவருக்கு என்ன கிடைக்கும்

இதைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். கேளுங்கள். ஜெர்மனியில் வாரம் 10 மணி நேரமாவது, குறைந்தது இரண்டு நாட்களில் பிரித்துப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பராமரிப்புக் காப்பீடே ஓய்வூதியப் பங்கைக் கட்டும். அவர் வேறு வேலையில் வாரம் 30 மணிக்கு மேல் இருக்கக் கூடாது. பிரிட்டனில் வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொள்கிறவருக்கு, சம்பாத்தியம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், பராமரிப்பாளர் உதவித்தொகை இருக்கிறது. ஜப்பானில் குடும்பத்தில் ஒருவருக்காக மொத்தம் 93 நாள் விடுப்பை மூன்று முறையாகப் பிரித்து எடுக்கலாம். அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 67 சதவீதம் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து வரும்.

ஓய்வு நாட்களுக்கும் தனித் தொகை உண்டா என்று பாருங்கள். ஜெர்மனியில் 2025 ஜூலை முதல் வருடத்துக்கு 3,539 யூரோ வரை, மாற்று ஆள் வைக்கவோ சில வாரம் இல்லத்தில் தங்கவைக்கவோ பயன்படுத்தலாம். பயன்படுத்தாவிட்டால் அந்த வருடத்தோடு போய்விடும். பல குடும்பங்களில் அது அப்படியேதான் போகிறது.

அப்புறமும் கோப்பை மூடாதீர்கள்

நிலைமை மாறும்போது மறுமதிப்பீடு கேட்க வேண்டும். விழுந்தார், பக்கவாதம் வந்தது, இரவில் அலையத் தொடங்கினார், படுக்கைப் புண் வந்தது என்றால் அந்த வாரமே கேளுங்கள். நோட்டில் புதிய பக்கம் தொடங்கி, பழைய நிலையில் என்ன முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். ஜப்பானைப் போலத் தகுதிக்குக் காலாவதி உள்ள இடங்களில் முடியும் தேதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். தவறினால் இடையில் முழுக்கட்டணம் நம் தலையில் விழும்.

அவர் மருத்துவமனையில் நெடுநாள் இருந்தாலோ, இல்லத்துக்கு மாறினாலோ, வெளிநாடு போனாலோ அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அதிகமாக வந்த பணத்தைப் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள்.

சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்: அவர் இறந்த பிறகும் சில வேலைகள் உண்டு. அலுவலகத்துக்கு உடனே எழுத வேண்டும். கடைசி மாதச் சேவைக்கான ரசீதுகளைச் சமர்ப்பிக்க வேண்டும். அமெரிக்காவில் 55 வயதுக்கு மேல் மெடிகெய்ட் கொடுத்த பராமரிப்புச் செலவை மாநிலங்கள் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து திரும்பக் கேட்க வேண்டும் என்று 1993 சட்டம் சொல்கிறது. துணைவர் உயிரோடு இருக்கும்வரை கேட்க மாட்டார்கள், கடும் இடர்ப்பாடு என்று காட்டி விலக்கும் கோரலாம். பிரான்சில் ஆப்பா உதவியைச் சொத்திலிருந்து திருப்பி எடுப்பதில்லை, ஆனால் இல்லத்தில் தங்குவதற்கு வாங்கிய சமூக உதவியை எடுப்பார்கள். ஆகவே விண்ணப்பங்கள், முடிவுக் கடிதங்கள், ரசீதுகள், அந்த நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, எல்லாக் கணக்கும் முடிந்ததாக எழுத்தில் கடிதம் வரும்வரை வைத்திருங்கள்.